ஒன் பை டூ டீயில் ஏழு பங்கு

பள்ளிக்கரணை ரேடியல் சாலையோரம் நான் வழக்கமாக நிற்கும் கடையில் 2025 மேயில் ஒரு டீ 12 ரூபாய். இந்த விலையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் கருணையை அளக்க என் கைக்குக் கிடைத்த படி அது ஒன்றுதான்.

2025 மே 20ஆம் தேதி காலை. எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்காரர், கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர், பேப்பரை நாலாக மடித்துத் தொடையில் தட்டியபடி வந்தார்.

"கரெக்டா சொல்லியிருக்காங்க சார். கண்டவனும் வந்து தங்கிட்டுப் போறதுக்கு இது என்ன சத்திரமா?"

முந்தின நாள் உச்ச நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்கிறார். தண்டனைக் காலத்தை முடித்துவிட்ட ஓர் இலங்கைத் தமிழர், திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று வந்து நின்றார். உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசாலை அல்ல, 140 கோடிப் பேரோடு நாமே திண்டாடுகிறோம், வேறு நாட்டுக்குப் போங்கள் என்ற தோரணையில் நீதிபதி தீபாங்கர் தத்தா தலைமையிலான அமர்வு சொல்லி அனுப்பிவிட்டது.

எனக்கு அந்தச் சொல்லில்தான் முதல் கோபம். சத்திரம் என்பது தமிழ்நாட்டில் வசைச்சொல்லாக எப்போது ஆனது? ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் முத்தம்பாள் பெயரில் கட்டிய சத்திரம் இன்னும் நிற்கிறது. வழிப்போக்கனுக்குச் சோறு, படுத்துவிட்டவனுக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று நடந்த இடம் அது. நாடு சத்திரமாகிவிடக் கூடாது என்று பயப்படுகிறவர்கள், ஒரு சத்திரத்தை நடத்த என்ன செலவாகும் என்றாவது தெரிந்துகொண்டு பயப்படலாம்.

"எல்லாம் நம்ம டேக்ஸ் பணம் சார்" என்றார் மூன்றாம் மாடி.

"நீங்க வருஷத்துக்கு எவ்வளவு கட்டறீங்க?"

"பென்ஷன், எஃப்.டி. வட்டி எல்லாம் சேத்துப் போன வருஷம் ஒரு லட்சம் போச்சு."

போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். உள்துறை அமைச்சகத்தில், குடிபெயர்ந்தோருக்கும் நாடு திரும்பியோருக்கும் நிவாரணம், மறுவாழ்வு என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து ஆண்டுகளுக்கு அதற்கு ஒதுக்கியது 1,452 கோடி. ஆண்டுக்குச் சுமார் 290 கோடி. 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி. முதல் தொகையை இரண்டாவதால் வகுத்தால், அரசு செலவழிக்கும் ஒவ்வொரு லட்சம் ரூபாயிலும் 5 ரூபாய் 73 காசு.

டீ 12 ரூபாய். ஒன் பை டூ சொன்னால்கூடத் தலைக்கு 6 ரூபாய் ஆகும். 27 காசு குறைகிறது.

அந்தப் பாதி டீயும் இலங்கைத் தமிழருக்கு முழுதாக வராது. அந்தத் திட்டத்துக்குள் ஏழு உட்திட்டங்கள். பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீர்ப் பகுதியிலிருந்தும் சம்பிலிருந்தும் வந்த குடும்பங்கள், திரிபுரா முகாம்களில் இருந்த புரூ மக்கள், 1984 சீக்கியர் படுகொலையில் பாதிக்கப்பட்டவர்கள், பயங்கரவாதத்துக்கும் கலவரத்துக்கும் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள், திபெத்தியர் நிவாரணக் குழு, வங்கதேச எல்லைத் திட்டுகளில் இருந்து வந்தவர்கள், கடைசியில் நம் ஆட்கள். இந்தத் துணைக்கண்டத்தில் எழுபத்தைந்து ஆண்டுகளாக எரிந்த அத்தனை வீடுகளையும் ஒரே தலைப்பின் கீழ் அடுக்கி, நடுவில் பாதி டம்ளர் டீயை வைத்து, அடித்துக்கொள்ளாமல் குடியுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 82 காசு. அப்படிப் பிரிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். டீக்கடையில் சமமாகத்தானே பிரிக்க முடியும்.

அங்கேயே ஜிபேயைத் திறந்து அவருக்கு 6 ரூபாய் அனுப்பினேன்.

"மீதி 27 காசை வச்சுக்குங்க சார். இனிமே எந்த அகதி வயித்துலயும் உங்க காசு ஒரு பருக்கைகூட இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "காசு முக்கியமில்ல சார். பிரின்சிபிள்."

சரி, பிரின்சிபிளையே பார்ப்போம்.

இலங்கைத் தமிழர் முகாம்களில் மாதாமாதம் கொடுக்கும் தொகைக்கு அரசாணைத் தமிழில் 'பணக்கொடை' என்று பெயர். கொடை! பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான், அந்த வரிசையில் நமது வருவாய்த் துறை. 2011 வரை குடும்பத் தலைவருக்கு 400 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 288 ரூபாய். அதென்ன 288? 300 கொடுத்தால் கஜானா காலியாகிவிடும் என்று எந்தக் கோப்பில் எந்த அதிகாரி 12 ரூபாயைச் சுழித்து அடித்திருப்பார்? ஒரு டீ விலை! 288-ஐ இரண்டால் வகுத்தால் 144 வருகிறது, அப்போதைய தடை உத்தரவின் எண். அதற்கு மேல் அந்தத் தொகைக்கு எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

2011இல் ஜெயலலிதா அரசு அதை 1,000 என்றும் 750 என்றும் உயர்த்தியது. அடுத்த பத்தாண்டில் எரிவாயு ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, எம்.எல்.ஏ. சம்பளம் ஒரே தாவலில் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. கொடை மட்டும் அசையவில்லை. 2021 ஆகஸ்ட் 27 அன்று ஸ்டாலின் சட்டமன்றத்தில் எழுந்து 317 கோடியே 40 லட்சத்துக்குத் திட்டம் அறிவித்தார். குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. நாள் கணக்கில் சொன்னால் ஒரு பெரியவருக்கு 33 ரூபாய் 33 காசு. அந்த 33 காசு நாணயமாகக்கூட அச்சடிக்கப்படுவதில்லை. அதையும் வாங்க, தலை எண்ணும் 'செக்கிங்' நாளில் ஆள் முகாமில் இருக்க வேண்டும். பெயின்ட் வேலைக்கு வெளியூர் போனவன் பஸ் பிடித்து ஓடிவந்து தலையைக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். வராதவன் மேல் வருவாய்த் துறை ஆர்.ஐ.க்கும் சந்தேகம், உளவுப் போலீசான கியூ பிராஞ்சுக்கும் சந்தேகம். பாரியின் தேரை வாங்கிக்கொண்ட முல்லைக்கு இந்தத் தொந்தரவு இருக்கவில்லை.

கொடுத்ததைக் கொடுத்ததாகச் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பில் 7,469 வீடுகள் இருந்தன. 231 கோடியே 54 லட்சம். வேலூர் மேல்மொணவூரில் 2021 நவம்பரில் அடிக்கல், 2023 செப்டம்பரில் திறப்பு, பல முகாம்களில் வீடுகள் எழுந்தன. பத்துக்குப் பத்து தகர அறையில் பிறந்து அதிலேயே கல்யாணமும் செய்துகொண்ட ஒரு தலைமுறை முதன்முதலாகக் கான்கிரீட் கூரையைப் பார்த்தது. வீட்டுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். எங்கள் அடுக்ககத்தில் மூடிய கார் பார்க்கிங்குக்கு பில்டர் வாங்கியது 3 லட்சம். என் கார் ஓர் அகதிக் குடும்பத்தைவிடப் பத்தாயிரம் ரூபாய் குறைவான வசதியில் வாழ்கிறது. அது எப்படித் தாங்கிக்கொள்கிறதோ.

தாங்கவில்லை என்பதும் உண்மைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த 3 லட்ச ரூபாய் பார்க்கிங் கிணறாகிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் முந்தின இரவே வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டியை ஏற்றி நிறுத்தினார்கள். நாராயணபுரம் ஏரியும் சதுப்பு நிலமும் தங்கள் பழைய முகவரிக்குத் திரும்பி வந்தன. நாங்கள் நான்கு நாள் மின்சாரமில்லாமல், குடிதண்ணீரில்லாமல், மொட்டை மாடியில் நின்று படகைப் பார்த்துக் கையசைத்தோம். ஹெலிகாப்டரில் இருந்து பொட்டலம் விழாதா என்று அண்ணாந்து பார்த்தோம். மூன்றாம் மாடிக்காரர் பால் பாக்கெட்டுக்காகப் படகுக்காரரிடம் கைகூப்பியதை நான் பார்த்தேன். நான் பிஸ்கட்டுக்குக் கூப்பியதை அவர் பார்த்தார். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசியதில்லை.

ரேஷன் கடையில் 6,000 ரூபாய் நிவாரணம் என்றார்கள். வருமான வரி கட்டுகிறவர்கள் சேதத்தை எழுதித் தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் இரண்டு பக்கத்துக்கு எழுதினார். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மனவுளைச்சல். "ஆறாயிரம் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கே பத்தாது சார், பிச்சைக்காசு" என்று அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் பொருமினார். ஐம்பது பேர் ஆமோதித்தார்கள், நானும் ஒருவன். அந்த 6,000 என்பது ஒரு முகாம் குடும்பத் தலைவரின் நான்கு மாதக் கொடை. நாங்கள் நான்கு நாள் அகதியாக இருந்ததற்கு வாங்கியதை, அவர் நான்கு மாதம் அகதியாக இருந்து வாங்க வேண்டும். நாள் ஒன்றுக்குக் கூலி போட்டால், பள்ளிக்கரணை அகதிக்கு 1,500. மண்டபம் முகாம் அகதிக்கு 50.

எங்கள் தண்ணீர் நான்காம் நாள் வடிந்துவிட்டது. அவர்களுடையது 1983 ஜூலையில் ஏறியது, இன்னும் அரசுக் கணக்கில் வடியவில்லை. 1983க்கும் 2012க்கும் இடையில் வந்தவர்கள் 3,04,269 பேர் என்று உள்துறை அமைச்சகம் கடைசி இலக்கம் வரை எண்ணி வைத்திருக்கிறது. 1995 மார்ச் வரை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 99,469. இதில் பெரும்பகுதி ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு. யாரோ செய்ததற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை கணக்குத் தீர்த்த காலம் அது. 2021இல் முகாம்களில் 58,822 பேர், வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு 34,087 பேர். எண்ணுவதில் குறையே சொல்ல முடியாது. மாநில அரசு முதலில் செலவழிக்கும், பிறகு மத்திய அரசிடம் பில்லைக் காட்டித் திரும்பப் பெறும். நாற்பது ஆண்டுக்கு மேலாக இந்தப் பில் போய்வந்துகொண்டிருக்கிறது, 'நிவாரணம்' என்ற தலைப்பில். நிவாரணம் என்பது வெள்ளத்துக்கும் தீக்கும் கொடுப்பது. அந்தத் தலைப்பில் வைத்திருக்கும் வரைக்கும் அவர்கள் நேற்றுத்தான் வந்தவர்கள், நாளைக்குப் போய்விடுவார்கள். முகாமில் பிறந்து, முகாமில் பேரன் எடுத்தவரும் தற்காலிகம்.

இந்த இடத்தில்தான் நம் சிக்கனத்தின் மகத்துவம் தெரிகிறது. இந்தச் செலவு முழுவதையும் ஒரே நாளில் நிறுத்த ஒரு வழி உண்டு. குடியுரிமை. அதற்கு ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும். வாங்கிய அன்றே அந்த இளைஞன் வங்கியில் கடன் வாங்குவான், அரசுத் தேர்வு எழுதுவான், வீடு வாங்கிப் பத்திரம் பதிவுசெய்வான், மூன்றாம் மாடிக்காரரைப் போலவே வருமான வரி கட்டிவிட்டு மற்றவர்களைத் திட்டுவான். கொடையே வேண்டாம். செக்கிங் வேண்டாம், செக்கிங் செய்கிற ஆளும் வேண்டாம். காசே ஆகாத அந்த ஒன்றைக் கொடுக்காமல் இருப்பதற்காக இந்தக் குடியரசு ஆண்டுதோறும் காசு செலவழிக்கிறது. தணிக்கை அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடும் வீண்செலவு இதுதான் ஐயா. கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு எனக்குப் பரிசு வேண்டாம்.

முகாமில் பிறந்த குழந்தையாவது இந்தியராகுமா என்றால், பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலைக்கு முன் என்றால் சரி. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுங்கள் என்று 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார். 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்கள் பிறப்பதில் தாமதம் செய்துவிட்டார்கள். 2004 டிசம்பருக்குப் பின் என்றால் தாய் தந்தையில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருந்தாலே போதும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் இந்தியர் இல்லை. பிரசவ வார்டில் குழந்தை அழுவதற்கு முன்பே அது செய்த குற்றம் பதிவாகிவிடுகிறது.

2019இல் குடியுரிமைச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன. இலங்கை இல்லை. ராமேஸ்வரத்தில் நின்றால் கண்ணுக்கு எட்டிவிடும் என்று நாம் பெருமையடிக்கும் தீவு டெல்லியின் கண்ணுக்கு எட்டவில்லை. இந்துக்களையும் காக்கும் சட்டம் என்றார்கள். அந்தத் தீவின் நல்லூர்க் கந்தனும் திருக்கேதீஸ்வரமும் எந்த மதம் என்று தெரியவில்லை போலும். மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. அதிமுகவின் பதினொரு பேர் ஆதரவாகக் கை தூக்கினார்கள். அந்தப் பதினொன்று எதிர்ப்பக்கம் போயிருந்தால் 114க்கு 116, மசோதா தோற்றிருக்கும். தூக்கிய கையைக் கீழே போட்டதும் இலங்கைத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை வேண்டும் என்றார்கள். ஒற்றைக்கே வழியில்லாதவனுக்கு இரட்டை! 2021 தேர்தல் அறிக்கையில் அதே சட்டத்தைத் திரும்பப் பெற வலியுறுத்துவோம் என்றும் எழுதினார்கள். திமுகவைச் சொல்லாமல் விட்டால் நடுநிலை கெடும். டெல்லியில் அவர்களுடைய அமைச்சர்கள் அமர்ந்திருந்த ஆண்டுகளை எண்ணப் பத்து விரல் போதாது. அத்தனை ஆண்டிலும் உள்துறைக் கதவு பக்கத்துக் கட்டடத்தில்தான் இருந்தது. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பலகையைக் கழற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாட்டினார்கள். நல்ல பெயர். முதல் வாழ்வே வாழாத பிள்ளைக்கு மறுவாழ்வு. பலகை மாறிய மறுநாளும் செக்கிங் நடந்திருக்கும்.

2025 செப்டம்பரில் டெல்லி ஒரு பெரிய மனது செய்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை கிடையாது. அதாவது நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து, உன்னைச் சிறையில் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குடியுரிமை பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

உலகம் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2023இல் பிரிட்டன் வெளிநாட்டு உதவிக்கென்று வைத்த பணத்தில் கால் பங்குக்கு மேல், 430 கோடி பவுண்டு, தன் நாட்டுக்குள்ளேயே அகதிகளைத் தங்கவைக்கச் செலவழித்துவிட்டு, அதையும் ஏழை நாட்டு உதவி என்றே கணக்கெழுதியது. உள்ளூர் ஓட்டல் முதலாளி வாங்கிய வாடகை ஆப்பிரிக்காவுக்குப் போட்ட தானமாகிவிட்டது. பன்னாட்டு விதி அதற்கு இடம் தருகிறது. 2025இல் பணக்கார நாடுகள் கையை இழுத்துக்கொண்டதும் ஐ.நா. அகதிகள் ஆணையம் சுமார் 3,500 பணியிடங்களை வெட்டியது.

அந்த ஆணையத்தின் அட்டையை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே போனால் கேளம்பாக்கம். அங்கே ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் 2012 வாக்கில் ரோஹிங்கியா குடும்பங்கள் சில வந்து இறங்கின. புயல் வந்தால் ஓரிரு நாள் ஒதுங்கக் கட்டிய இடத்தில் ஆண்டுக்கணக்கில் குடித்தனம். நாம் தூக்கியெறிந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடை போட்டுப் பிழைத்தார்கள். அந்தப் பாதி டீயின் ஏழு பங்கில் எட்டாவதாக இவர்கள் இல்லை. ஈழத்தமிழனுக்காவது 'தொப்புள்கொடி' என்று மேடையில் சொல்ல ஆள் உண்டு. இவர்களுக்கு மொழியும் இல்லை, கொடியும் இல்லை. பட்ஜெட்டில் ஒரு சுழி கூட இல்லாதவர்களைத்தான் நாட்டின் பெரும் பாரம் என்று தொலைக்காட்சியில் இரவெல்லாம் விவாதித்தோம்.

வெளியிலிருந்து வருகிறவர்களை வரவேற்கும் இடமும் இங்கே உண்டு. எங்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கரையில் ஒரு பலகை இருக்கிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து 1,248 ஹெக்டேருக்கும் மரியாதை வந்துவிட்டது. குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராக்காரர்கள் வருகிறார்கள். பெருங்குடிக் குப்பைமேட்டை ஃபிரேமில் விழாமல் ஒதுக்கிப் படமெடுக்கிறார்கள், அது தனிக் கலை. ஈரநிலங்களைக் காப்பதற்கான அந்த ராம்சார் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1982 பிப்ரவரியில். சரியாகப் பதினேழு மாதம் கழித்து, 1983 ஜூலையில், கொழும்பு எரிந்து படகுகள் வந்தன. அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா அன்றும் கையெழுத்திட்டிருக்கவில்லை, இன்றும் இல்லை. வந்து இறங்கியவர்கள் செய்த ஒரே தவறு, மூக்கு நீண்டு, கால் சிவந்து, ஒற்றைக் காலில் தண்ணீரில் நிற்காததுதான். நின்றிருந்தால் உடன்படிக்கை இருந்தது, பலகை இருந்தது, எந்த நாட்டில் முட்டையிட்டாய் என்று கேட்கவும் ஆள் இல்லை.

இதையெல்லாம் அன்று டீக்கடையில் நான் சொல்லவில்லை. அவரும் இருந்து கேட்டிருக்க மாட்டார். டீயைக் குடித்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஜிபேயில் ஆறு ரூபாய் திரும்பி வந்திருந்தது. குறிப்பில், "வேண்டாம் சார், தர்மமா இருக்கட்டும்." அதன் ஸ்கிரீன்ஷாட்டை அடுக்ககக் குழுவிலும் போட்டிருந்தார். நான் பார்க்கும்போது பதினான்கு பேர் கைகூப்பியிருந்தார்கள்.